ஊரில் இல்லாதார் ஒப்போலை

(கீழ்பென்னாத்தூரில் தமிழன்பர் கூடிய அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நாட்டு வழக்கில் வாக்கு எனப்படுவதைத் தனித்தமிழ் அன்பர்கள் ஒப்போலை என்பர். அது வெறும் பெயர்மாற்றம் அன்று. ஒருவன் தன் ஒப்புதலை ஓலையில் பொறித்துத் தருகின்றான். ஆதலின் அஃது ஒப்போலை. ஒப்புதல் என்பது அவனவன் உள்ளத்தினின்று எழவேண்டிய ஒன்று. அவன் இல்லாத வேளையில் பிறனொருவன் அவ்வோலையை எடுத்து இட்டுவிட்டால், ஓலை பெட்டிக்குள் இருக்கும்; ஒப்பு அதில் இராது. அத்தகைய வெற்றோலைகளால் ஓர் ஊரின் ஆட்சி அமையுமானால் அஃது ஊராட்சி ஆகாது. ஊரைக் கொள்ளையிட்ட ஆட்சியே ஆகும். ஊரில் இல்லாதாருடைய ஒப்போலை எவ்வாறு களவுபோகின்றது, அதனை எவ்வாறு காப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

உள்ளாட்சித் தேர்தல்தானே, அதில் என்ன பெரிய களவு என்று இகழ்வார் உளர். அவர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். சட்டமன்றத் தொகுதி ஒன்றில் இலக்கக் கணக்கில் ஒப்போலைகள் விழும். சிற்றூராட்சியின் ஒரு பகுதியிலோ சில நூறு பேரே ஒப்போலை உரிமையுடையோர். அங்கே வெற்றியும் தோல்வியும் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் நிற்கும். இருவர் ஒப்ப நின்றால் சீட்டுக் குலுக்கி முடிவு காண்பதும் உண்டு. ஆகவே, பெருந்தேர்தலில் ஆயிரம் கள்ள ஒப்போலை செய்யும் கேட்டை ஊர்த்தேர்தலில் பத்துக் கள்ள ஒப்போலை செய்துவிடும். ஏரியின் மதகு, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டு வழி, நூறுநாள் வேலை ஆகிய யாவும் அப் பத்து ஒப்போலையில் தொங்குகின்றன.

முதற்கண், தமிழர் இதனை எவ்வாறு காத்தனர் என்று காண்போம். அகநானூற்றின் 77 ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் ஓர் உவமை கூறுகின்றார். பாலைநிலத்தில் வீழ்ந்துபட்ட வீரர்தம் குடரைப் பருந்து பற்றி இழுக்கின்றது. அக்காட்சிக்கு அவர் கண்ட ஒப்புமை, கயிற்றால் கட்டி இலச்சினை இடப்பெற்ற குடத்தினின்று, அவ்விலச்சினையை நோக்கி நீக்கி, ஓலைகளை வெளியே எடுக்கும் ஆவணமாக்களின் செயல். பாலைநிலத்துக் கொடுமையைப் பாடவந்த புலவர்க்கு இக்காட்சி உவமையாகத் தோன்றியதெனின், கேட்போர் அனைவரும் அதனைக் கண்டறிந்திருத்தல் வேண்டும் அன்றோ? அதனினும் கருதத்தக்கது, குடத்தைத் திறக்குமுன் பொறியை நோக்கும் வழக்கம். இலச்சினை குலைந்திருந்தால் ஓலை செல்லாது என்னும் அறிவு அன்றே இருந்தது.

அடுத்தது உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919 இலும் 921 இலும் பொறிக்கப்பெற்ற இரண்டு கல்வெட்டுகள் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. இன்று வார்டு என்று வழங்கும் பகுதிக்கு அன்று இருந்த பெயர் குடும்பு என்பதாகும். குடும்புதோறும் தக்கார் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, இன்ன குடும்பினது என்று காட்டும் வாயோலையும் பூட்டிக் குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோருமாக அவையினர் கூடினர். அன்று ஊரில் இருந்த நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் அவைக்குள் இருத்தப்பட்டனர். அவருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணுமாறு உயர்த்திப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதனை வாங்கும் நடுவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். பின்னர் அதனை உரக்கப் படித்தல் வேண்டும். அங்கிருந்த நம்பிமாரும் படித்தல் வேண்டும்.

ஐந்து விரலையும் விரித்தல் எதன் பொருட்டு? விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்துவைத்து மாற்றிவிடக் கூடாது என்பதன் பொருட்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே, நடுவனையும் நம்பிவிடாமல் அவன் விரலுக்குச் சட்டம் இயற்றினர். கணக்குக் காட்டாது போனவனும் அவன் உறவினரும் பின்னர் எக்குடத்திலும் ஓலை இடத் தகாதார் என்றும் விலக்கினர்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் கூடாது. உத்தரமேரூர் பார்ப்பனர்க்கு அளிக்கப்பெற்ற சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் இறைகட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவனாய், 35 அகவைக்கு மேல் 70 க்கு உட்பட்டவனாய், மறைநூல் பயின்றவனாய் இருப்போனே அக்குடத்தில் இடம்பெற்றான். உழுத தமிழனுக்கும் நெய்த தமிழனுக்கும் பெண்டிர்க்கும் அங்கு இடமில்லை. அது மக்கள் தேர்ந்தெடுத்த தேர்தலும் அன்று, குடத்திற் சீட்டெடுத்தல். ஆகவே, உலகத்துக்கே குடியாட்சியைக் கற்பித்துவிட்டோம் என்று மேடைதோறும் முழங்குவது அக்கல்வெட்டை முழுதும் படியாதார் செயல். அதனிடம் கற்கவேண்டியது, யாரும் ஏமாற்ற இயலாதவாறு அனைவர் கண்முன்னும் செய்தல் என்னும் முறையை. அம்முறையை எல்லார்க்கும் உரியதாக்குதலே இற்றைத் தமிழன் கடமை.

இனி இற்றை நிலைக்கு வருவோம். அந்நாளில் ஊரார் ஊரில் இருந்தனர். இந்நாளில் ஊரார் ஊரில் இல்லை. செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட இப்பகுதி, மழையையும் ஏரியையும் நம்பி நெல்லும் மணிலாவும் விளைக்கும் நிலம். மழை பொய்த்தால் இளைஞர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்கின்றனர். சென்னைக்கும் திருப்பூருக்கும் செல்கின்றனர். பெயர் ஊரில், உடல் அயலூரில். தேர்தல் நாளில் ஒரு நாட் கூலியையும் பேருந்துச் செலவையும் இழந்து வருதற்கு இயலாதார் பலர். அவர் வாரார் என்பதை ஊரில் உள்ள கட்சிக்காரன் அவர் தாயினும் நன்கு அறிவான்.

இக்கூட்டம் எவ்வளவு பெரிது? 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தேர்தல் ஆணையம் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஒன்றனைத் தொடங்கிற்று. திசம்பர் 19 அன்று வெளிவந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 இலக்கம் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அவற்றுள் இறந்தோர் ஏறத்தாழ 27 இலக்கம். இடம்பெயர்ந்தோர், முகவரியில் காணப்படாதோர் என்ற வகையில் ஏறத்தாழ 66 இலக்கம். எஞ்சியோர் ஈரிடத்துப் பெயர் பதிந்தோர். தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றப் பட்டியலே அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது என்பதை நினைவிற் கொள்க.

இவ்வெண்ணை இருபுறமும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். ஒருபுறம், இத்தனை காலம் இறந்தோர் பெயரும் இல்லாதோர் பெயரும் பட்டியலில் படுத்துக்கிடந்தன; அவை ஒவ்வொன்றும் கள்ள ஒப்போலைக்குத் திறந்து வைத்த கதவு. மறுபுறம், வீட்டில் காணப்படவில்லை என்று நீக்கப்பட்டவருள் பிழைப்புக்காக மூன்று திங்கள் வெளியூர் சென்ற ஏழையும் இருத்தல் கூடும். பெயர் இருந்தால் திருடுகின்றான் ஒருவன். பெயர் எடுபட்டால் உரிமையே போகின்றது. இல்லாதவனுக்கு இருவகையிலும் இழப்பு. இதனாலேயே இச்சிக்கல் நுணுகி ஆராயத் தக்கதாயிற்று.

களவு நிகழும் முறை எளியது. ஊரில் இல்லாதாரையும் இறந்தாரையும் கொண்ட பட்டியல் ஒன்று முன்னாளிலேயே ஆயத்தமாகின்றது. ஒப்போலைச் சீட்டுகள் திரட்டப்படுகின்றன. காலையில் கூட்டம் நெருங்கும்; அப்பொழுது எவரும் முனையார். நண்பகலுக்குப் பின் சாவடி ஓய்ந்திருக்கும், முகவர்கள் களைத்திருப்பர். அவ்வேளையில் பட்டியல் வேலை செய்கின்றது. மைசூரில் செய்யப்படும் அழியா மை 1962 முதல் விரலைக் காத்துவருகின்றது என்பர். ஆனால் மை, ஒருவன் இருமுறை வருவதைத் தடுக்குமேயன்றி, முதன்முறை வருகின்றவன் அவன்தானா என்று கேளாது. அதனைக் கேட்கவேண்டியவர் முகவர். முகவர் ஏன் வாய்திறப்பதில்லை? சிலர் அச்சத்தால்; சிலர் உறவால்; சிலர், உன் பட்டியலை நீ இடு, என் பட்டியலை நான் இடுவேன் என்னும் உடன்படிக்கையால். இம்மூன்றாவது வகையே கொடிது. எதிரிகள் இருவர் கூடித் திருடும்பொழுது முறையிடுவார் எவரும் இலர்.

தன் ஒப்போலை களவுபோனதைச் சாவடிக்கு வந்தபின் அறிகின்றவன் என் செய்வான்? பெரும்பாலோர் தலைகுனிந்து திரும்பிவிடுகின்றனர். அவ்வாறு திரும்ப வேண்டுவதில்லை. தான் இன்னான் என்று மெய்ப்பித்தால், அவனுக்குத் தனி ஓலை தருமாறு சட்டம் கூறுகின்றது. அதற்கு அலுவலகத் தமிழில் ஆய்வுக்குரிய வாக்கு என்று பெயர். அஃது உறையில் தனியே வைக்கப்படும். வழக்கு மன்றம் கேட்டாலன்றி எண்ணப்படாது. ஆயினும் அது களவுக்குச் சான்று. 2008 இல் இராசத்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாராத் தொகுதியில் சி. பி. சோசி ஒரே ஓர் ஒப்போலையால் தோற்றார். பின்னர் நடந்த வழக்கில், இவ்வாறு தனியே வைக்கப்பட்ட ஓலைகளே பெருங்கேள்வியாயின. ஓர் உறைக்குள் கிடக்கும் ஓலைக்கு அத்துணை வலிமை உண்டு. ஆனால் நம் சிற்றூர்களில் எத்தனை பேர் இதனை அறிவர்? உரிமையைப் பிறமொழிப் படிவத்துக்குள் புதைத்து, அலுவலர் மட்டும் அறியுமாறு வைத்திருப்பதனால் விளைந்த அறியாமை இது. மக்கள் நாவில் வழங்காத உரிமை மக்கள் கையில் இராது. மொழியுரிமையும் ஒப்போலை உரிமையும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இல்லாதார்க்கெல்லாம் அஞ்சல்வழி ஒப்போலை தந்துவிட்டால் இச்சிக்கல் தீரும் என்று சிலர் கருதுகின்றனர். நல்ல எண்ணமே. ஆனால் அவ்வாறு செய்த நாடுகளில் நடந்ததையும் அறிதல் வேண்டும்.

இங்கிலாந்தில் 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தால், வேண்டுவோர் எவரும் ஏதும் விளக்கம் கூறாமலே அஞ்சல் ஒப்போலை பெறலாம் என்றாயிற்று. 2004 சூன் 10 அன்று பர்மிங்காம் நகராட்சித் தேர்தல் நடந்தது. ஆசுட்டன், போர்டசுலி கிரீன் என்னும் இரு பகுதிகளில் அஞ்சல் ஒப்போலைகளில் பெருங்களவு நடந்ததென வழக்கெழுந்தது. இரவில் ஒரு கிடங்கில் வேட்பாளர் சிலர் நூற்றுக்கணக்கான அஞ்சல் ஒப்போலைகளை மேசைமேல் பரப்பி வைத்திருந்ததைக் காவலர் கண்டனர். வீடுதோறும் ஓலைகள் திரட்டப்பட்டதும் இடப்பட்ட குறிகள் மாற்றப்பட்டதும் வெளிவந்தன. தேர்தல் மன்ற நடுவர் இரிச்சர்டு மாவ்ரி 2005 ஏப்பிரல் 4 அன்று அவ்விரு பகுதித் தேர்தல்களையும் செல்லாவாக்கினார். தொழிற்கட்சி உறுப்பினர் அறுவரைக் குற்றவாளிகள் என்றார். அவருள் ஒருவர் மேன்முறையீட்டில் விடுபட்டார். அஞ்சல் ஒப்போலை முறையே களவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றது என்று அந்நடுவர் கடுமொழி கூறினார். அதன் பின்னரே, 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தால், அஞ்சல் ஒப்போலையாளர் கையெழுத்தும் பிறந்த நாளும் பெற்று ஒத்துப்பார்க்கும் முறை வந்தது.

அமெரிக்காவின் மயாமி நகரில் 1997 நவம்பரில் நகரத்தந்தைத் தேர்தல் நடந்தது. சாவடியில் நேரில் வந்து இட்டாருள் பாதிக்கு மேற்பட்டோர் சோ கரோல்லோவையே விரும்பினர். ஆனால் இல்லாதார் ஒப்போலைகளைக் கூட்டியதும் அவர் பாதிக்குக் கீழே இறங்கினார். மறுசுற்றில் சேவியர் சுவாரெசு வென்றார். இல்லாதார் ஒப்போலைகளில் இறந்தவர் பெயரில் இடப்பட்டதும் இருந்தது. 1998 மார்ச்சு 11 அன்று மேன்முறையீட்டு மன்றம், களவு கலந்த அவ்வில்லாதார் ஒப்போலைகளை முழுவதுமாகத் தள்ளி, கரோல்லோவே வென்றவர் என்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பில் ஒரு துயரமும் உண்டு. அம்மூட்டையில் நோயுற்ற முதியோர் நேர்மையாக இட்ட ஓலைகளும் இருந்தன. பாலில் நஞ்சு கலந்தபின் பாலைப் பிரித்தெடுக்க இயலாமையால் குடத்தையே கவிழ்க்க நேர்ந்தது. களவு செய்தவன் பிறனுடைய ஓலையைத் திருடியதோடு நில்லாமல், நேர்மையாளன் ஓலையையும் அழித்துவிட்டான்.

இவ்விரு நாட்டு நிகழ்ச்சிகளும் காட்டும் உண்மை ஒன்று. சாவடிக்குள் மறைப்பு உண்டு. மறைப்புக்குள் ஒருவன் தனியே நிற்கின்றான். கணவனும் பண்ணையாரும் கடன்காரனும் அங்கே வாரார். வீட்டுக்கு வரும் ஓலைக்கு அம்மறைப்பு இல்லை. அடுப்படியில் அது திறக்கப்படும். பிறர் பார்க்க அதில் குறி இடப்படும். பணம் கொடுத்தவன் தன் கண்ணாற் கண்டு வாங்கிச் செல்லவும் கூடும். ஒப்போலைக்கு விலைகூறும் தீமை வேரூன்றிய தமிழ்நாட்டில் இது சிறு செய்தி அன்று. சாவடி ஓலையை விலைக்கு வாங்கியவனுக்கு, விற்றவன் சொன்னபடி இட்டானா என்னும் ஐயம் எஞ்சும். அவ்வையமே ஏழைக்கு இருக்கும் கடைசி விடுதலை. வீட்டு ஓலையில் அதுவும் போய்விடும்.

இனி, தமிழ்நாட்டில் நடந்த வேறொன்றை எண்ணுக. இங்கே அஞ்சல் ஒப்போலை பெரும்பாலும் தேர்தற் பணிக்குச் செல்லும் அரசுப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது. 2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஒப்போலையில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அத்தேர்தலில் 203 அஞ்சல் ஒப்போலைகள் தள்ளப்பட்டிருந்தன. குற்றம் யாது? அவற்றோடு இணைந்த உறுதிமொழியில் சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமையாசிரியர்க்கு அத்தகுதி இல்லை என்பது. ஓலை இட்டவர் மெய்யானவர்; ஒப்பமிட்டவரும் மெய்யானவர்; ஒப்பமிட்டவர் தகுதி பற்றியதே வழக்கு. மூன்றாண்டுகட்குப் பின், 2019 அக்தோபர் 1 அன்று, சென்னை உயர் அறமன்றம் அவ்வோலைகளையும் இறுதி மூன்று சுற்றுகளையும் மீள எண்ணுமாறு ஆணையிட்டது. அக்தோபர் 4 அன்று எண்ணினர். ஆனால் முடிவை வெளியிட உச்ச அறமன்றம் தடை விதித்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியும்வரை அத்தொகுதி மக்களுக்கு ஐயம் தீரவில்லை. பின்னர் 2021 தேர்தலில் வென்ற அப்பாவு அவ்வாண்டு மே திங்களில் பேரவைத் தலைவரானார். இக்கீழ்பென்னாத்தூர்த் தொகுதியில் வென்ற கு. பிச்சாண்டி துணைத்தலைவரானார்.

பர்மிங்காமில் பொய்யோலை எண்ணப்பட்டது. இராதாபுரத்தில் மெய்யோலை எண்ணப்படாது கிடந்தது. காவல் தளர்ந்தால் கள்ளன் நுழைகின்றான். காவல் முறையின்றி இறுகினால் வீட்டுக்காரனே வெளியில் நிற்கின்றான். எனவே, கடுமை ஒன்றே மருந்தாகாது, தெளிவும் வேண்டும். யார் ஒப்பமிடலாம், எங்கே இடலாம் என்பது தேர்தலுக்கு முன்னரே நல்ல தமிழில், ஐயமற எழுதப்படுதல் வேண்டும். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் பணியாளர் தம் அஞ்சல் ஒப்போலையைக் கையில் வைத்துக்கொண்டு திரியாமல், அதற்கென அமைந்த நடுவத்தில் நேரில் இடவேண்டும் என்று 2023 இல் நெறிமுறை மாற்றப்பட்டது. நல்ல மாற்றமே. ஓலை கையில் கிடக்கும் நாள் குறையக் குறைய, அதனைக் கேட்டு வருவோரும் குறைவர்.

ஒப்போலையை எல்லார் கண்முன்னும் வைத்தலின் பயனைச் சண்டிகர் காட்டிற்று. 2024 சனவரி 30 அன்று அம்மாநகரத் தலைவர் தேர்தலில் 36 ஓலைகளே இடப்பட்டன. நடத்திய அலுவலர் எட்டு ஓலைகளைச் செல்லாதவை என்று தள்ளி, 12 பெற்றவரை விடுத்து 16 பெற்றவரே வென்றார் என்றார். அவர் தம் கையாலேயே ஓலைகளில் கீறியதைப் படக்கருவி பதிந்து வைத்திருந்தது. பிப்பிரவரி 20 அன்று உச்ச அறமன்றம் அவ்வெட்டையும் செல்லும் என்று கூறி, 20 ஓலை பெற்ற குல்தீப் குமாரே தலைவர் என்று அறிவித்தது. மூன்று கிழமைக்குள் முறை கிடைத்தது. களவு கண்ணுக்குத் தெரிந்தமையே அதற்கு அடிப்படை. உத்தரமேரூரார் ஐந்து விரலை விரிக்கச் சொன்னது இதற்காகவே.

தமிழீழத்தின் துயரையும் இங்கு மறத்தல் ஆகாது. 1981 சூன் 4 அன்று யாழ்ப்பாணத்தில் மாவட்ட வளர்ச்சி அவைத் தேர்தல் நடந்தது. தேர்தலுக்குச் சில நாள் முன், மே 31 இரவு தொடங்கி, யாழ் நூலகம் எரியூட்டப்பட்டது. தொண்ணூற்றேழாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. சிங்கள அமைச்சர்களான சிறில் மத்தியுவும் காமினி திசாநாயக்கவும் அந்நாள்களில் யாழ்ப்பாணத்திலேயே இருந்தனர். தேர்தல் நடத்தப் பழகிய அலுவலர்க்கு மாற்றாக வெளியாள்கள் அமர்த்தப்பட்டனர். ஒப்போலைப் பெட்டிகள் சில காணாமற் போயின. அத்தனைக்குப் பின்னும் யாழ் மாவட்டத்துப் பத்து இடங்களையும் தமிழர் விடுதலைக் கூட்டணியே வென்றது. மக்கள் திரண்டு நேரில் வந்தமையின் பயன் அது.

பதின்மூன்றாண்டு கழித்து வேறொன்று நடந்தது. 1994 ஆகத்து 16 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஒப்போலை உரிமையுடையோர் ஏறத்தாழ 6 இலக்கம். போரின் நடுவே அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சாவடிக்கு வரும் நிலையில் இல்லை. ஒரு கட்சி பத்தாயிரத்துச் சில நூறு ஒப்போலைகளைக் கொண்டே பத்து இடங்களில் ஒன்பதைப் பெற்றது. அங்கே இல்லாதார் பெயரால் எவரும் ஓலை இடவேண்டிய தேவையே இல்லாது போயிற்று. இல்லாமையே வேலையை முடித்துவிட்டது. மக்கள் இல்லாத இடத்தில் எண்ணிக்கை சரியாக இருக்கலாம், சார்பாண்மை இராது.

தமிழ்நாட்டு ஆட்சியாளரோ மற்றொரு வழியும் கண்டனர். தேர்தலையே இல்லாமற் செய்யும் வழி அது. 1970 க்குப் பின் ஊராட்சித் தேர்தல் 1986 இல் நடந்தது. அதன் பின் 1996 இல். 2016 இல் நடக்கவேண்டிய தேர்தல் உயர் அறமன்றத்தால் நிறுத்தப்பட்டு, இம்மாவட்டச் சிற்றூர்களில் 2019 திசம்பரில்தான் நடந்தது. வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என நான்கு நிற ஓலைகளை அன்று ஊரார் இட்டனர். கீழ்பென்னாத்தூர் பேரூராட்சியாதலின் இங்கு 2022 பிப்பிரவரி 19 அன்று பொறியில் இட்டனர். 2019 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்ததும், மீண்டும் தனி அலுவலர்களே அமர்த்தப்பட்டனர். கள்ள ஒப்போலை ஒருவனுடைய ஓலையைத் திருடும். நடத்தாத தேர்தல் ஊரார் அனைவருடைய ஓலையையும் ஒருங்கே திருடும்.

அப்படியானால் இல்லாதார்க்கு ஒப்போலையே வேண்டா, வந்தவன் இடட்டும், வாராதவன் கெடட்டும் என்பார் சிலர். அது முறையன்று. எல்லையில் நிற்கும் படைஞனும், சரக்குந்து ஓட்டுவானும், செங்கற்சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கும் குடும்பமும், கட்டிலினின்று எழமாட்டாத முதியோளும் வேண்டுமென்றே வாராதவர் அல்லர். அவர்களை விலக்கிவிட்டால், ஊரில் தங்கி வாழ வசதி பெற்றவனே ஊரை ஆள்வான். அது கால் வேலி நிலமுடையான் மட்டும் குடத்தில் இடம்பெற்ற பழைய முறையே. உரிமையைக் குறைப்பது கூடாது. காவலைக் கூட்டுவதே வேண்டும்.

அரசு செய்யவேண்டுவன சில. தேர்தல் நாளில் கூலியோடு கூடிய விடுமுறை அயலூரில் உழைக்கும் தமிழனுக்கும் மெய்யாகவே கிடைத்தல் வேண்டும். அந்நாளிலும் முந்நாளிலும் பேருந்துகள் மிகுதியாக விடப்படுதல் வேண்டும். திருவண்ணாமலை வெள்ளுவா நாள்களுக்குச் சிறப்புப் பேருந்து விட இயலுமானால், ஊராட்சித் தேர்தலுக்கு ஏன் இயலாது? எழ இயலாதாரிடம் ஓலை கொண்டு செல்லும் அலுவலரோடு அனைத்துக் கட்சி முகவரும் செல்லுதல் வேண்டும். அவ்வோலை அஞ்சற்காரன் கையிலோ கட்சிக்காரன் கையிலோ ஒரு நாழிகையும் தங்குதல் ஆகாது. இல்லாதோர், இடம்பெயர்ந்தோர், இறந்தோர் பட்டியல் சாவடிதோறும் இருத்தல் வேண்டும். அப்பெயரில் எவர் வந்தாலும் இருமுறை நோக்குதல் வேண்டும்.

மக்கள் செய்யவேண்டுவன இவற்றினும் இன்றியமையாதன. வரைவுப் பட்டியல் வெளிவந்ததும் இளைஞர் நால்வர் கூடி அதனைத் தெருத்தெருவாக உரக்கப் படித்துக் காட்டுக. இறந்தோர் பெயரை எடுக்கவும், உள்ளோர் விடுபட்டிருப்பின் சேர்க்கவும் உடனே எழுதிக் கொடுக்க. வெளியூரில் உழைப்பார்க்குச் செய்தி அனுப்புக. தம் பெயர்ச்சீட்டையும் அடையாள அட்டையையும் எவரிடமும் ஒப்படையாதீர். அஞ்சல் ஓலை பெறும் ஆசிரியரும் பணியாளரும் அதனை எச்சங்கத் தலைவனிடமும் வெறுமையாகத் தராதீர். முகவராக அமர்வார், ஐயம் எழுந்தால் அவ்விடத்திலேயே எதிர்ப்புரைத்துப் பதியச் செய்க. களவுபோன ஓலைக்கு ஆய்வுக்குரிய ஓலை கேட்டு வாங்குக. களவால் முடிவு மாறியதெனச் சான்று இருப்பின், முடிவு வெளியான 45 நாள்களுக்குள் மாவட்ட முறைமன்றத்தில் வழக்கிடுக. ஆள்மாறாட்டம் தண்டத்துக்குரிய குற்றம் என்பதை, அதற்கு அழைக்கப்படும் ஏழை இளைஞர்க்கு முன்கூட்டியே எடுத்துரைக்க. ஐந்நூறு உருவாவுக்கு விரல் நீட்டுபவன் அவன், சிறை செல்வதும் அவனே. பட்டியல் எழுதியவன் வீட்டில் இருப்பான்.

இறுதியாக ஒன்று. தமிழன் தன்னைத் தானே ஆளவேண்டும் என்று பாடுபடும் இயக்கத்தார், அவ்வாட்சி கோட்டையில் தொடங்கும் என்று கருதுதல் கூடாது. அது குடும்பில் தொடங்குகின்றது. அயலான் வஞ்சித்தான் என்று முழங்கும் நாவுக்கு, அண்டைவீட்டான் ஓலையைத் தன் கட்சிக்காகத் திருடியவனைத் தடுக்கும் துணிவும் வேண்டும். திருடியவன் தமிழனாயினும் திருட்டு திருட்டே. தன் கட்சியானாயினும் களவு களவே. ஊரை விட்டுப் பிழைக்கச் சென்றவன் தன் நிலத்தை உறவினரை நம்பி விட்டுச் செல்கின்றான். வீட்டுத் திறவுகோலை அண்டைவீட்டாரை நம்பி விட்டுச் செல்கின்றான். தன் ஒப்போலையை அவன் ஊரார் அனைவரையும் நம்பி விட்டுச் சென்றிருக்கின்றான். அதனைக் காத்து அவன் கையிலேயே ஒப்படைத்தல் ஊரில் உள்ளார் கடன்.

கடனாற்றுக! தமிழ் வெல்க!